இறக்கப்பட்ட பெட்டி

நான் கண்ணாடிக் கூண்டில் இருந்தேன், மான்ட்ரியலில்,
காதில் ஆங்கிலம், வாயில் பிரெஞ்சு.
வெளியே மூன்று நாளாய்ப் பனி.
உள்ளே மூன்று நாளாய் ஒரே வாக்கியம்:
ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்பதா,
பறக்காமலிருப்பது விரும்பத்தக்கது என்பதா.

விரும்பத்தக்கது என்றவர்கள் கெட்டவர்கள் இல்லை.
ஒருவர் மடியில் கணக்கு வைத்திருந்தார்:
பெட்டியைத் தேடி இறக்க இருபத்தேழு நிமிடம்,
நிமிடத்துக்கு இவ்வளவு எரிபொருள், இவ்வளவு பணம்.
கணக்கில் பிழை இல்லை.
தியேமோகோ, சாஹேல் பக்கத்துச் சின்ன நாட்டுக்காரர்,
எழுந்து கேட்டார்:
"எங்கள் விமான நிலையத்தில் எக்ஸ்ரே கருவி கிடையாது.
காசநோய் மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது.
அதைக் கழற்றட்டுமா?"
சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வியாழன் மதியம்
சிக்னே ஓர்பெக்குக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
வாக்குரிமை இல்லாத வரிசை, கடைசி நாற்காலி.
பேசுகிறவர் 'நான்' என்றால்
கூண்டில் இருப்பவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.
எங்கள் தொழில் அப்படி.
"என் கணவர் பதினான்காம் வரிசையில் இருந்தார்," என்றேன்.
என் கணவர் அப்போது வீட்டில்
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
"அவருடைய கைக்கடிகாரம் மட்டும் என்னிடம் வந்தது,
ஓடிக்கொண்டிருந்தது," என்றேன்.
"இருபத்தொன்பதாம் வரிசையில் ஓர் இருக்கை காலி.
அந்த இருக்கைக்கு உரிய பெட்டி கீழே இருந்தது.
ஓர் ஊழியர் எண்ணிப் பார்த்தார், ஒரு தலை குறைந்தது.
குறைந்தால் என்ன செய்வது என்று
அவரிடம் இருந்த எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
கதவைச் சாத்தினார்.
அவர்மேல் எனக்குக் கோபமில்லை.
அந்தத் தாள்மேல்தான்."
தாள் என்ற சொல்லில் என் குரல் உடைந்தது.
அவள் குரல் உடையவில்லை.
அது மொழிபெயர்ப்புப் பிழை, எங்காவது பதிவாகியிருக்கும்.

வெள்ளி, நாலே முக்கால்.
எல்லாருக்கும் பிடிக்க விமானம் இருந்தது.
தியேமோகோதான் முதலில் கை தூக்கினார்:
"கூடாது என்றே எழுதுங்கள்.
ஓட்டை என் ஊரில் இருந்தால் ஒழுகுவது உங்கள் வீட்டில்.
கருவிக்குக் காசு யார் தருவது என்பதையும்
அதற்குக் கீழேயே எழுதுங்கள்."
முதல் பாதியை எழுதினார்கள்.
மறுபாதிக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள்.

பிறகும் விதிகள் வந்தன.
செருப்பைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு.
பெயரைக் கேட்டதும் ஒருவனை ஓரமாய் நிறுத்து என்று
எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் நிறுத்துகிறார்கள்.
எத்தனையோ விதிகளுக்குக் குரல் கொடுத்தவள் நான்.
சிலவற்றுக்கு இப்போதும் நாக்கு கசக்கிறது.

போன டிசம்பரில் திபிலிசி. இரவு பதினொன்று, சேற்றுப் பனி.
விமானம் நகரவில்லை.
பயணி ஒருவர் வரவில்லை,
அவர் பெட்டியை இறக்குகிறோம் என்றார் விமானி.
பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைத் தட்டினார்:
"எந்த மடையன் எழுதிய சட்டம் இது?"
எனக்கு நாலு மொழி தெரியும்.
ஒன்றிலும் பதில் சொல்லவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒருவன்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு பெட்டியாய்த் திருப்பிச் சீட்டைப் படித்தான்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
பச்சைப் பெட்டி, கைப்பிடியில் சிவப்பு நாடா.
உள்ளே வால்நட் மிட்டாய் இருக்கலாம்,
மதுக்கடை மேசையில் தூங்கிப்போனவனின்
இஸ்திரி போட்ட சட்டைகள் இருக்கலாம்.
அதை ஈரத் தரையில் தனியே வைத்தான்,
விரல்களை ஊதிக்கொண்டான்,
நேரத்தைக் குறித்தான்.

நாற்பது நிமிடம் தாமதமாய் இறங்கினோம்.
எல்லாரும் முணுமுணுத்தபடி எழுந்து
ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு
மேலே இருந்த பைகளை எடுத்தோம்.