பதினொன்றாவது சட்டகம்

கொக்கோலாவில் ஜூன் மாதம்
இரவு ஒன்பது மணிக்கும் வெயில் மிச்சமிருக்கும்.
கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி
ஈரப் புல்லில் குப்புறக் கிடக்கிறேன்.
முழங்கையில் ஒரு கொசு.
இப்போது தட்ட முடியாது.

மற்ற படக்காரர்கள் எல்லோரும்
நூறு மீட்டர் முடிகிற இடத்தில்,
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.
ஆர்ரேயின் லென்ஸ்
அவன் மகளைவிடக் கனம்.
அங்கே பத்து நொடியில் எல்லாம் முடிந்து
யாரோ ஒருவர் கை தூக்கிவிடுவார்.
இங்கே காத்திருப்புதான் அதிகம்.
காலுறையைக் கழற்றி மாட்டுகிறார்கள்,
வாழைப்பழம் தின்கிறார்கள்,
ஒட்டுநாடாவால் தரையில் குறி வைத்து
பாதத்தால் அளந்து
குறியை அரை அடி தள்ளி ஒட்டுகிறார்கள்.

சைமி எழுந்து நிற்கிறாள்.
மார்பு எண் முப்பத்தெட்டு,
நாலு ஊக்குகளில் ஒன்று காணோம்;
காற்றில் அந்த மூலை மட்டும்
படபடவென்று அடித்துக்கொள்கிறது.
ஒரு மீட்டர் எண்பத்தொன்று.
இரண்டு முறை கம்பு விழுந்தாயிற்று.
இது மூன்றாவது.

ஒன்று சொல்ல வேண்டும்:
என் பழைய காமிராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு.
பொத்தானை அழுத்தியதும்
அது இமைபோல் மேலேறும்.
அந்த நொடிக்கூறில்
காமிராவுக்கு வெளிச்சம்,
எனக்கு இருட்டு.
இருபத்தாறு வருடமாக
நான் எடுத்த கணம் எதையும்
நான் பார்த்ததில்லை.
அதற்கு முந்தியதைப் பார்த்திருக்கிறேன்,
பிந்தியதைப் பார்த்திருக்கிறேன்.
புதிய காமிராக்கள் இமைப்பதில்லையாம்,
ஆர்ரே சொன்னான்.
இருக்கட்டும்.

ஓடி வருகிறாள்.
முதலில் நேராக, பிறகு வில்லாக.
இடது காலை ஊன்றுகிற இடத்தில்
இவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்த கம்புக்கே
முதுகைக் கொடுத்துவிடுகிறாள்.
தலைக்குக் கீழே கம்பு,
கண்ணுக்கு மேலே வானம்.
அவளும் பார்க்கவில்லை.

டிக்டிக்டிக்டிக் என்று பன்னிரண்டு.

கம்பு விழுந்த சத்தம்
மெத்தைக்குள் அவள் விழுந்த சத்தத்துக்குப் பிறகு வந்தது.
சிவப்புக் கொடி.
நடுவர் அதைக் கொஞ்சம் தயங்கித்தான் தூக்கினார்,
அல்லது அவர் தோளில் வலியாக இருக்கலாம்.

சைமி என்னிடம் வந்தாள்.
மூச்சு இன்னும் அடங்கவில்லை, வாயில் புல்.
"காட்டு."

பதினொன்றாவது சட்டகம்:
உடம்பு முழுதும் கம்புக்கு மேலே.
கழுத்து, முதுகு, இடுப்பு
எல்லாம் ஆற்றுப் பாலம்போல் வளைந்திருக்க
பின்னலின் நுனி மேலே நிற்கிறது.
ஊக்கில்லாத மூலையில் சூரியன்.
கம்பு அசையவே இல்லை.
இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

அவள் அதை ஈபோல விரட்டிவிட்டு
"அடுத்தது" என்றாள்.
பன்னிரண்டு.
பெரிதாக்கச் சொன்னாள்.
இன்னும்.
இன்னும்.
வலது குதிகால், ஒரு நெல்மணி அகலம்.
"சனியன்" என்று குதிகாலைப் பார்த்துச் சொன்னாள்.
பிறகு தன் குதிகாலையே தேய்த்துக்கொண்டு
"இதை அனுப்பு. அது வேண்டாம்" என்றாள்.

முதலாவதாக வந்த இங்கெரியை எடுத்திருந்தேன்.
எல்லாப் படத்திலும்
வரவேற்பறையில் உட்காரப் போகிறவள்போல் இருந்தாள்.
ஆசிரியர் நள்ளிரவில் பதினொன்றாவதைத்தான்
முன்பக்கத்தில் போட்டார்,
அடியில் சின்ன எழுத்தில்: சைமி, நான்காம் இடம்.

காலை ஏழரைக்கு அலுவலகத்தில் தொலைபேசி.
யாரோ ஒரு பெரியவர், பால் பண்ணைக்காரராம்,
பின்னால் மாடு கத்துகிறது.
"படத்தில் தாண்டியிருக்கிறாள்.
எழுத்தில் தாண்டவில்லை என்கிறீர்கள்.
நீதானே அங்கே இருந்தாய்?
எது நிஜம்?"

முழங்கையைச் சொறிந்துகொண்டே
சொன்னேன்:
நான் பார்க்கவில்லை, ஐயா.