லிங்கராஜபுரத்தில் பேகடா

மேம்பாலத்தை ஒட்டி, பஞ்சர் கடைக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய அறை.
வாடகை மணிக்கு அறுநூறு.
கீழே நயாஸின் கம்ப்ரசர்
நாளைக்கு நாற்பது முறை மூச்சு வாங்கும்.
இரண்டு மூச்சுக்கு நடுவே எங்கள் பதிவு.

நான் பொத்தான் அழுத்துகிறவன்.
எனக்குத் தெரிந்த சங்கீதம்
பச்சையாய் ஏறி, சிவப்பைத் தொடாமல் இறங்குவது.

குமுதவல்லி மல்லேஸ்வரத்திலிருந்து
மெட்ரோ மாறி, ஆட்டோ பிடித்து வருவாள்,
வயலின் பெட்டியைத் தொட்டில் பிள்ளைபோல் அணைத்து.
பான்டெய்லாங்குக்கு ஊர் ஷில்லாங்.
பகலெல்லாம் கோரமங்களாவில் யாருடைய செயலிக்கோ
பிழை பொறுக்குவான்.
டிரம்ஸுக்கு ஆரோன், தங்கவயல்.
ஞாயிறு காலை கூப்பிடக் கூடாது,
அவன் கர்த்தருக்கு வாசிக்கும் நேரம்.

பேகடாவா, என்றார்கள்.
ராக்குக்கு மடங்குகிற ராகம் ஆயிரம் கிடக்க
இந்த அசைவுப் பிசாசையா?
அவள் பதிலே சொல்லவில்லை.
முருங்கைமரம் ஏறியாயிற்று.

அதன் மத்திமம் நின்ற இடத்தில் நிற்காது.
கிட்டாரிலோ சுரத்துக்குச் சுரம் வேலி.
பான்டெய் கம்பியை வளைத்தான்.
விரல் நுனி வெடித்தது.
பிளாஸ்திரி சுற்றி மறுபடி வளைத்தான்.
சுரம் வந்தது,
பேகடா வரவில்லை.

ஆரோனுக்கு ஏழு பிடிபடவில்லை.
தகிட தகதிமி என்றால் நாக்கு இடறியது.
தினமும் வரும் ரயிலின் நிலையங்களை எண்ணிப் பார்த்தான்:
உரிகம் மாரிகுப்பம்
உரிகம் மாரிகுப்பம்
கால் தானாகப் பெடலை மிதித்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
பான்டெய் கையை உயர்த்தி நிறுத்தினான்.
"ஏன் அங்கே வில்லை வெட்டுகிறாய்?
தாளத்தில் அங்கே ஒன்றுமே இல்லையே."
"அங்கே சொல் முடிகிறது."
"எந்தச் சொல்? இதில்தான் பாட்டே கிடையாதே."

அப்போதுதான் கவனித்தேன்.
உதடு மூடியிருந்தும்
அவள் தொண்டை அசைந்துகொண்டிருந்தது.
வில் தெலுங்கு பேசிக்கொண்டிருந்தது, இத்தனை நாளும்.

"என்ன அர்த்தம்?"
யோசித்தாள்.
"ஏன் வரவில்லை என்று யாரையோ கேட்கிறது.
இல்லை, ஏன் வந்தாய் என்றா?
என் தெலுங்கு கீரைக்காரியோடு முடிந்துவிடும்."

அவன் சிரிக்கவில்லை.
தன் ஊர் எழுத்துக்கூட்டலில் அசை அசையாய் எழுதி
ஆம்ப்ளிஃபயர் நெற்றியில் ஒட்டினான்.
டிஸ்டார்ஷனை முழுதாய்த் திருகி
ஒவ்வோர் அசைக்கும் ஒரு மீட்டு.
புரியாத ஒருத்தியிடமிருந்து
புரியாத ஒருவன் வாங்கிய வார்த்தை
இரும்புத்தூள் பறக்கப் பேசியது.
பேகடா வந்துவிட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன்.
வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றியது.

ஏழாவது டேக்.
நாலாம் நிமிஷம் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது.
நிறுத்தியிருக்க வேண்டும்.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
ஷட்ஜத்துக்கு ஒரு மயிரிழை கீழே
அது ஒரே மூச்சாய் முனக,
குமுதவல்லியின் விரல் இறங்கியது,
அவள் இறக்கியதாய்த் தெரியவில்லை.
கம்பியை வளைத்தால் சுரம் ஏறத்தான் செய்யும்;
பான்டெய் கைப்பிடியை அமுக்கிக்கொண்டு
பின்னாலேயே இறங்கினான்.
ஆரோன் சிம்பலைத் தொடவே இல்லை.
லாரி டயர்போல. நிரம்ப நேரமாயிற்று.

பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து
அந்த முனகலை மட்டும் அரித்தெடுத்தேன்.
சுத்தமாய்ப் போய்விட்டது.
போட்டுக் கேட்டால்
மூன்று பேரும் எதையோ தேடித்
தரையில் குனிந்திருப்பதுபோல் இருந்தது.
திரும்பப் போட்டுவிட்டேன்.

பெயர் வைக்க வேண்டி வந்தது.
முதல் சொல்லை வைக்கலாம் என்றாள் அவள்.
அவன் அதைச் சொல்லிப் பார்த்தான்,
அறையே சிரித்தது.
நயாஸ் படியேறி வந்து
முடிந்ததா, சாயந்திரம் வேலை நிறைய இருக்கிறது என்றான்.
ஆரோன் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து
உரிகம் என்று எழுதினான்.

ரயில் அங்கே
ஒரு நிமிஷம்தான் நிற்குமாம்.