பதினெட்டாவது நகம்

மார்மைட்டுக்குப் பதினேழு நகம் கறுப்பு.
பதினெட்டாவது,
இடது பின்னங்காலின் ஓர விரல்,
வெள்ளை.

ரொட்டியில் தடவும் அந்தக் கறுப்பைத்தான்
பெயராக வைத்தாள் என் மகள் கெரிஷா.
ரெக்ஸ் இனம். தொட்டால் விரல் திரும்பி வர மறுக்கும்.
நார்த்டேலில் எங்கள் கார் வெளியே பனியில் நனைகிறது,
கொட்டகைக்குள் இருபத்திரண்டு கூண்டு.
தட்டு கழுவுவது நவேலன்,
தட்டுக்கு இரண்டு ராண்ட், கடன் கிடையாது.
குட்டிகளில் ஆண் பெண் பார்ப்பது பிரகாஷ்னி;
நகராட்சியில் தண்ணீர் பில் சரிபார்க்கும் அதே கண்ணாடியை
மூக்கு நுனிக்கு இறக்கி
"பெண், பெண், ஆண்,
இது... நாளைக்குச் சொல்றேன்."

எந்தப் பெட்டையை எந்தக் கடுவனிடம் விடுவது
என்பதில் மட்டும் வீடு இரண்டாகும்.
முப்பத்தொரு நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை.
பிறகு ஒரு காலை
பெட்டை தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டிருக்கும்,
அதற்குள் ஏதோ நெளியும்,
நாலு தலையும் ஒரே பெட்டிக்குள் முட்டிக்கொள்ளும்.

நான் ஷூ ஃபேக்டரியில் பத்தொன்பது வருடம்
தோலின் வெட்டு விளிம்புக்கு மை பூசுகிறவன்.
ஒரு சின்னப் புட்டி சட்டைப்பையில் வந்துவிட்டது.
வந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

வெள்ளி இரவு மின்வெட்டு.
படுக்கையில் புரண்டு நகம் நகம் என்றேன்.
"நிலாவுக்கு முயல் கறை,
உங்க முயலுக்கு நிலா கறை.
தூங்குங்க" என்றாள் பிரகாஷ்னி.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் உண்டு.
எனக்கு நாலு காலும் சம்மதம்,
பதினெட்டும் கறுப்பாக இருந்தால் போதும்.
எழுந்து போனேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்து
மடியில் அவளை மல்லாக்கப் போட்டேன்.
மல்லாந்த முயல் அசையாது,
நம்புகிறது என்று நினைப்போம்.
முழங்கையில் அவள் இதயம்
கடைசி ஷிப்ட் தையல் மெஷின்.
நாலு மில்லிமீட்டர். ஒரு பூச்சு.
ஊதினேன். இன்னொரு பூச்சு.

மூன்று மணிக்கு பக்கியில் கிளம்பி
வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து
புளும்ஃபொன்டைன் சேர்ந்தபோது
புல்லெல்லாம் உறைபனி, முயல்களுக்கு மட்டும் உற்சாகம்.
மேசையில் மிஸஸ் ஊஸ்தாய்சன், வெள்ளைக் கோட்டு.
பல்லைப் பார்த்தார்.
காதில் குத்திய பச்சை எண்ணைப் படித்தார்.
ரோமத்தை எதிர்த்திசையில் தடவி
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.
பிறகு காலைத் தூக்கி
கட்டைவிரலை நாக்கில் நனைத்துத்
தேய்த்தார்.

முயலைப் பார்க்கவில்லை அவர்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களை,
ஒவ்வொருவர் கையாக.
என் கை பேன்ட் பைக்குள் இருந்தது.

"ரோமம் பிரமாதம்," என்றார் கெரிஷாவிடம்.
"இன்னைக்கு இந்த மண்டபத்தில் இதற்கு மேல் இல்லை.
ஆனால் நகம்."
"தெரியும் மேடம். மூணாவது வாரமே நோட்டில் எழுதிட்டேன்.
ரோமத்துக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு
கேட்கத்தான் கொண்டுவந்தேன்."
அவர் கட்டைவிரலைக் கோட்டில் துடைத்தார்.
கோட்டில் ஒரு கறுப்புக் கீற்று, நாள் முழுக்க,
எந்த மேசைக்குப் போனாலும் எனக்குத் தெரிந்தது.

ஹாரிஸ்மித் பெட்ரோல் பங்கில்
எல்லோரும் பை தின்றோம்.
கெரிஷா ஈரத்தாள் ஒன்றை உருவி நீட்டினாள்.
"அப்பா, விரல்."
அவ்வளவுதான்.
நவேலன் ஏன் சிரித்தான் என்று நான் கேட்கவில்லை.

விரலில் போக ஒன்பது நாள் ஆனது.
அவள் தேய்த்தும் மிஞ்சிய மை மார்மைட்டிடம் இன்னும் இருக்கிறது.
நகம் அடியிலிருந்து வெள்ளையாக வளர்கிறது,
மை நுனிக்குத் தள்ளப்படுகிறது.
கெரிஷாவின் நோட்டில் எடை, தீனி, ரோமம் தாண்டி
புதிதாக ஒரு கட்டம்:
அப்பா பூசியது, மி.மீ.
ஞாயிறுதோறும் ஸ்கேல் வைக்கிறாள்.
மூன்று. இரண்டரை. இரண்டு.
இந்த வாரம் ஒன்று.

வெட்டிவிடலாமே என்றேன்.
"இருங்கப்பா," என்றாள்,
"அளந்து முடியட்டும்."