கிழக்கெல்லை

ழ போய்ப் பதினொரு நாள்.
கட்டை இருக்கிறது. அமுக்கினால் ஒன்றும் வராது.
பழைய உறுதி ஒன்றைத் திறந்துவைத்து
ஒவ்வொரு ழவாக வெட்டி ஒட்டி
மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.
'கீழ்க்குறிப்பிட்ட' என்று தொடங்கினாலே
ஒன்று செலவாகிவிடும்.

ஏகாம்பரம் வீதியில் றிஸ்னியின் கடை.
பிணைச்சல் முறிந்த மூடியை ஒரு கையில் தாங்கியபடி
அடித்தகட்டைக் கழற்றினார்.
உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது.
"கடற்கரைப் பக்கமா வீடு?"
"உப்புவெளி."
"பேரிலயே இருக்கே" என்றார், சிரிக்காமல்.

பிறகு, சிட்டையின் பின்பக்கத்தில் கணக்கு:
விசைப்பலகை பன்னிரண்டாயிரம், பற்றரி பதினாலு,
விசிறி ஆறரை, பிணைச்சல் நாலு,
உப்பைக் கழுவ ஐந்து.
நாற்பத்தொன்று ஐந்நூறு.
"எழுபத்தைஞ்சுக்குப் பாவிச்சது ஒண்டு நிக்குது அக்கா.
கறண்டு போனாலும் நாலு மணித்தியாலம் தாங்கும்."
"கடல்காத்து அதுக்கும் அடிக்கும்தானே?"
"அடிக்கும்."
பொய் சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பேன்.

கைவசம் அறுபத்திரண்டு.

ஒன்பது வருசமாய் இதற்குள்ளால்தான்
ஊராரின் வளவுகள் சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்தன:
ஆறு பேர்ச்சஸ், பதினொரு தென்னை,
கிணற்றில் எட்டிலொரு பங்கு,
அந்தக் கிணற்றுக்குப் போகும் பாதையில் நடக்கும் உரிமை.
எனக்கென்று ஒரு பேர்ச்சும் அதில் இல்லை.
பாசம் என்று நினைக்கவேண்டாம்,
சூடேறினால் தொடையைச் சுடும் சாமான் இது.

கடை வாசலில் ஒரு மான்
யாரோ வாங்கிய புதுக் கணினியின்
அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது.
நல்ல பெட்டி போலும். அவசரப்படவில்லை.

நாளை பத்து மணிக்கு நொத்தாரிசின் மேசையில்
திருக்கடலூர்க் காணி போய்ச் சேரவேண்டும்.
வடக்கே ஒழுங்கை, தெற்கே மரியநாயகத்தின் வேலி,
மேற்கே மதகு. நாலாவது பக்கம்
இன்னும் திறந்தே கிடக்கிறது.

"விசைப்பலகையை மட்டும் மாத்துங்கோ."
"மற்றதெல்லாம்?"
"இருக்கட்டும்."
"புத்தியில்லாத செலவு அக்கா."
"தெரியும்."

ஒன்றேகால் மணித்தியாலம்.
சோதித்துப் பார்க்கச் சொல்லி என் பக்கம் திருப்பினார்.
தட்டினேன்:
கிழக்கே, கடல்.
வந்தது. விசிறி
தகரக்கூரையில் மழை போலக் கத்தியது.

பணத்தை எண்ணி வைத்தபின், படியிலிருந்து திரும்பி,
"அந்த எழுபத்தைஞ்சை
வெள்ளி பின்னேரம் மட்டும் விக்காதேங்கோ" என்றேன்.