நீலத்துக்கு விதி இல்லை

மண்ணெண்ணெய் விளக்கைக் கழற்றியவன் நான்தான்.
எழுபது வருடக் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு
அந்த இடத்தில் சுண்டுவிரல் நகத்தளவு
ஒரு எல்.இ.டி. வைத்தேன்.
கண்ணாடிகளைத் தொடவில்லை.
சிவப்பும் பச்சையும் நன்றாகத்தானே இருக்கின்றன,
செலவு எதற்கு என்று ரீகாவிலிருந்து கடிதம்.

டிசம்பர். மூன்றரை மணி.
பைன் மரங்களின் முழங்காலுக்கு இறங்கிவிட்ட சூரியன்
அவ்வளவு நீளக் காற்றைச் சாய்வாகக் கடந்து வந்ததில்
நீலத்தை வழியெல்லாம் சிந்திவிட்டுச்
சிவப்பை மட்டும் கையில் பிடித்தபடி நின்றது.
சிந்தியதைப் பனித்தரை பொறுக்கிக்கொண்டிருந்தது.

நிலைய அடுப்பில் பிர்ச் விறகு.
காட்டு இருட்டுக்கு முன்னால் அதன் புகை நீலம்.
மர உச்சி தாண்டி வெளிறிய வானத்தின் முன் ஏறியதும்
அதே புகை பழுப்பு.
வேறு வேலை இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் வந்தது. இரண்டு பெட்டி, ஏழு பயணிகள்.
கைகாட்டிக்கு முன்னால் நின்றேவிட்டது.
ஒரு ஊதல். பிறகு நீளமாக இன்னொன்று.
பனியில் கால் புதையப் புதைய ஓடினேன்.
எஞ்சின் ஜன்னலில் விஸ்மாவின் தலை:
“அது என்ன நிறம்?”
“பச்சை.”
“திரும்பிப் பார்த்துச் சொல்.”

திரும்பினேன்.
ஏரியிலிருந்து எழுந்த மூடுபனிக்குள்
ஒரு நீல வட்டம், தன்னைச் சுற்றி
நீலப் பஞ்சு விரித்து உட்கார்ந்திருந்தது.

“சிவப்பென்றால் நிற்பேன். பச்சையென்றால் போவேன்.
என் புத்தகத்தில் நீலத்துக்கு விதி இல்லை”
என்று சொல்லி அவள் தேநீர்க் குடுவையைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அந்தக் கண்ணாடி ஒருநாளும் பச்சையாக இருந்ததில்லை.
நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே விடும் வாசல் அது.
மண்ணெண்ணெய்ச் சுடரிடம்
கொடுக்க நீலம் இல்லை, அவ்வளவுதான்.
ஏழைச் சுடரும் தாராளக் கண்ணாடியும்
சேர்ந்து நடத்திய குடித்தனம் அந்தப் பச்சை.
நான் பணக்கார விளக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

ஒரு கிழவர் பெட்டியிலிருந்து இறங்கினார்.
தாலிவால்திஸ். கையில் ஐந்து டூலிப் பூக்கள்.
இலையுதிர்காலத்தில் வலது கண்ணுக்கு மட்டும்
புரை எடுத்தார்களாம்.
வலக்கண்ணை மூடினார்: “பச்சைதானே, அம்மா.”
இடக்கண்ணை மூடினார்: “இல்லை, நீலம்.”
மறுபடி மாற்றி மாற்றி மூடிப் பார்த்து,
எழுபத்தொன்பது வயதில் கிடைத்த பொம்மையைப்போல்
சிரித்துக்கொண்டார்.
“என் பழைய கண் மஞ்சள் பூத்தது.
உன் விளக்குக்கும் அதுதான் தேவையோ?”

நான் அவர் பூக்களைப் பார்த்தேன்.
பூக்களை அல்ல, சுற்றியிருந்த தாளை.
மஞ்சள் செலோபேன். பூக்கடை முத்திரையோடு.

ஏணியில் ஏறி, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
விளக்கின் மேல் ஒரு சுற்று. போதவில்லை.
மூன்றாவது சுற்றில் கீழே எல்லோரும்
“ஆ” என்றார்கள்.
மூடுபனி முழுக்கப் பச்சை ஊறியது.
சற்று மங்கல்தான். மஞ்சள் தன் கூலியை
எடுத்துக்கொண்டது.

விஸ்மா குடுவையை மூடினாள்.
வண்டி நகரும்போது ஜன்னலில் அந்த டூலிப்கள்:
வெள்ளைப் பூக்கள், தாள் இல்லாமல்,
அந்தி வெளிச்சத்தில் நீலமாக நடுங்கின.
ஸ்கைத்ரீதேயின் பிறந்தநாளுக்குப் போகிறாராம்.
வீட்டு விளக்கின் கீழ் வெள்ளையாகிவிடும் என்று
கத்திச் சொன்னேன். கேட்டிருக்காது.

மறுவாரம் படிவம் வந்தது.
பழுதடைந்த பாகம் எது?
கண்ணாடி இல்லை. விளக்கும் இல்லை.
கோடு போட்டு அனுப்பினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது சரியான கண்ணாடி வந்துவிட்டது.
பழையதை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.
மாலையில் அதன் வழியே வெளியே பார்த்தால்
பனி எல்லாம் நீலம்;
மேசை மெழுகுவத்தியின் பக்கம் திருப்பினால், பச்சை.
சிவப்புக் கண்ணாடி அங்கேயே இருக்கிறது.
உள்ளே எதை ஏற்றினாலும்
அது நில் என்றுதான் சொல்கிறது.