உப்புத் தண்ணீர்

புதுவயல் கோயில் கூடத்தில்
பூசை முடிந்த ஞாயிறு.
பெயிண்ட் வாளியில் கல்லுப்பைக் கொட்டி
முட்டை மிதக்கும்வரை கலக்கினார்
சிஸ்டர் அமலோற்பவம்.
"இப்ப நெல்லைப் போடுங்க.
மூழ்குறது விதை. மிதக்குறது பதர்."

பாதையிலும் பாறையிலும்
விதை இறைத்துப்போனவன் உவமையை
அப்புறம்தான் வாசித்தார்.

மிக்கேலம்மா எழுந்தாள்:
"அவனுக்கு யாரும் பயிற்சி குடுக்கலையா சிஸ்டர்?"

கூடமே சிரித்தது.
சிஸ்டர் பைபிளால் வாயை மூடிக்கொண்டார்.

கண்மாய்க் கடைமடையில் அரை ஏக்கர்.
தோட்டை அடகுவைத்து வாங்கிய விதைநெல்.
மூன்று தண்ணீரில் அலசி,
கயிறு பிடித்து,
சாணுக்கொரு குழியாய் ஊன்றினாள்,
ஒரு மணி சிந்தவில்லை.

கரையேறும்போது
வண்டிப்பாதையில் ஒரு பிடி விசிறினாள்.
பதரில்லை, மூழ்கிய மணி.

"ஆண்டவர் பழக்கம்," என்றாள்
கயிற்றைச் சுருட்டியபடி,
"குருவிக்கும் தெரிஞ்சிருக்கு."