பதினொரு மணிக்கு மழுங்கும் கத்தி

கல்புக்கோ துறையில் மழையில்லாத நாட்களை
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.
எடில்யா கார்கமோ வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சால்மன் மீனைக் கூறுபோடும் கூடத்தில்
அவளுக்கு எதிர்மேசை எனக்கு.
தொப்பி, முகமூடி, முழங்கைவரை கையுறை.
கண்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
காலை ஆறுக்கு எல்லோரும் புலி,
பதினொன்றுக்கு எல்லோரும் பூனை.
குளிர் என்றோம் நாங்கள்.
வயது என்றாள் ரோசால்பா.
முதலாளி என்றான் நெல்சன்,
மழைக்கும் அதையே காரணம் சொல்பவன்.

எடில்யா எதுவும் சொல்லவில்லை.
நாங்கள் புகைக்கப் போன பத்து நிமிடத்தில்
கழிவுத் தட்டில் கிடந்த தோலைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
காலையில் தோலோடு போன சதை நூலளவு,
பதினொன்றுக்கு விரலளவு.

களைத்தது கத்தி.

சாணை பிடிப்பவர் வியாழன்தோறும்தான் வருவார்.
அவள் புவெர்த்தோ மோந்த் போய்
ஒரு சாணைக்கல் வாங்கி வந்தாள்.
அந்த மாதம் அவள் வீட்டில்
உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் வேகவில்லை
என்பது பிறகு தெரிந்தது.
விடியுமுன் கிளம்பும் முதல் பேருந்து,
பூட்டிய கதவு, காவலாளியின் கொட்டாவி,
பிறகு ஈரக்கல்லில் நாற்பது நிமிடம்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
அதற்கு யாரும் கூலி தரவில்லை.
கெஞ்சி வாங்கிய இரண்டாவது கத்தி
பத்தரைக்கு உறையிலிருந்து வெளியே வரும்.

"முதலாளிக்கு மருமகள் ஆகப் பார்க்கிறாள்."
சொன்னது நான்தான். எழுதிவிடுகிறேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய் அவள் வரவில்லை.
காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்.
"தூங்கிவிட்டேன்" என்றாள்.
கோடுபோட்ட நோட்டில்
அந்தத் தேதிக்கு நேரே ஒரு பூஜ்யம்,
பக்கத்தில் சமாதானம் ஏதும் எழுதாமல்.
புதன்கிழமை முதல் பேருந்தில் இருந்தாள்.

செப்டம்பரில் மேற்பார்வையாளர் மன்சீயாவின் அறைக்கு
நோட்டோடு போனாள்.
கதவு சரியாகச் சாத்தாது அந்த அறைக்கு;
பெட்டி அடுக்குகிற சாக்கில் நாங்கள்.
பிள்ளைகள், வாடகை, மூட்டுவலி
எதையும் அவள் எடுக்கவில்லை.
வாரவாரியாக வாசித்தாள்:
தோலோடு போகாமல் நின்ற சதை இத்தனை கிலோ,
அதன் விலை இவ்வளவு,
என் நாற்பது நிமிடம் இவ்வளவு.
மன்சீயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பாதி தரலாம்."
"மீதி எந்த மாதம்?"

அந்த அறையில் அதுவரை
யாரும் கேட்டிராத கேள்வி போலும்.
நாற்காலி கிறீச்சிட்டது,
நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது.

மறுநாள் என் கத்தியை நீட்டினேன்.
பழைய பேச்சு அவள் காதுக்குப் போயிருக்கும்,
இது சின்ன ஊர்.
விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து,
"வாரத்துக்கு ஐந்நூறு பெசோ" என்றாள்,
சிரிக்காமல்.
இப்போது எட்டுக் கத்திகள் அவளிடம்.
சனிக்கிழமை சந்தையிலிருந்து
கசாப்புக்காரர் பார்ரீயாவும் ஒரு கட்டு அனுப்புகிறார்.

என் கூலியும் கொஞ்சம் ஏறியது.
நெல்சன் சொல்வதும் பொய்யில்லை:
எங்கள் கத்தி கூரானதில்
எங்கள் பையைவிடப் பெரிய பை ஒன்று நிறைகிறது.
அதையும் நோட்டில் எழுது என்றேன் எடில்யாவிடம்.
"எழுதியாகிவிட்டது, மார்ச்சில் வாசிக்கிறேன்.
நீயும் வா, நெல்சனையும் கூப்பிடு,
கத்துவதற்கு ஒருவர் வேண்டும்."

இன்று கத்தி தோலுக்கு அடியில்
தண்ணீரில் துடுப்புபோலப் போகிறது.
கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன்
என்று முடிக்கத்தான் ஆசை.
பார்த்தேன்.
பதினொன்று பத்து.